துருவ அறிவியலில் பல்துறை முனைவர் பயிற்சி: எதை வெளியே பெறலாம், எதை நாமே கட்ட வேண்டும்

துருவ அறிவியலில் பல்துறை முனைவர் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கும் நிறுவனம் எல்லாவற்றையும் தானே நடத்த வேண்டியதில்லை. களப் பாதுகாப்பு, பனியாற்றியல் அடிப்படைகள், கடல்பனி அளவீடு என்று ஒவ்வொன்றுக்கும் நீண்ட அனுபவமுள்ள பயிற்சிகள் ஏற்கெனவே நடக்கின்றன. மாணவரை அங்கே அனுப்பினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, கிடைக்காததை ஈடுகட்டத் திட்டத்துக்குள் எதைச் சேர்க்க வேண்டும் என்று பார்ப்பதே இந்த மதிப்பாய்வு. திட்ட வரைவு எழுதப்போகும் நெறியாளர்களையும் ஒருங்கிணைப்பாளர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். சேர்வதற்கு முன் விசாரிக்கும் மாணவர்களுக்கும் இது உதவும்.

எங்கள் அளவுகோல் எளிது. பாடப்பட்டியலில் எத்தனை துறைப் பெயர்கள் இருக்கின்றன என்பதை நாங்கள் பார்க்கவில்லை. வெவ்வேறு துறை மாணவர்கள் ஒரே மாதிரியை, ஒரே தரவைப் பங்கிட்டே ஆகவேண்டிய கட்டாயம் அந்தப் பயிற்சியில் இருக்கிறதா? இருந்தால், மாணவரின் ஆய்வுத் திட்டம் முடிவாவதற்கு முன்பே அது வருகிறதா? இந்த இரண்டும் இல்லாத திட்டத்தில் இயற்பியல் மாணவர் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்து மதிப்பெண் வாங்குவார், பிறகு தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். நான்கு வருடம் கழித்து ஆய்வேட்டின் முன்னுரையில் மட்டும் "பல்துறை" என்ற சொல் இருக்கும்.

யூனிஸ்: களத்துக்கு முதல் தேர்வு

ஆர்க்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான தீவுக்கூட்டம் ஸ்வால்பார்டின் லாங்யியர்பியனில், வட அட்சம் 78 டிகிரியில், 1993இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழக மையம் யூனிஸ். ஆர்க்டிக் உயிரியல், நிலவியல், புவி இயற்பியல், தொழில்நுட்பம் என நான்கு துறைகள். பயிற்றுமொழி ஆங்கிலம். இது சொந்தமாகப் பட்டம் தருவதில்லை. மாணவர் தன் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு இங்கே பாடம் மட்டும் படித்து, மதிப்புப் புள்ளிகளை எடுத்துச் செல்லலாம். புதிதாகத் திட்டம் தொடங்குபவர்களுக்கு இந்த ஏற்பாடு மிக வசதியானது. கூட்டுப்பட்ட ஒப்பந்தம் என்று வருடக்கணக்கில் காகிதம் நகர்த்த வேண்டியதில்லை. முனைவர் நிலைப் பாடங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் செறிவாக முடிந்துவிடும். வகுப்பு, களம், அறிக்கை மூன்றும் ஒரே பாடத்துக்குள் வரும்.

யூனிஸின் பெரிய பலம் அதன் பாதுகாப்புப் பயிற்சி. பனிச்சரிவு, பனிப்பிளவில் விழுந்தவரை மேலே எடுத்தல், கடல்பனி உடைந்து நீரில் விழுந்தால் கூர்முனைக் கைப்பிடிகளைக் குத்தித் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளுதல், ஸ்னோமொபைல், செயற்கைக்கோள் தொடர்பு, முதலுதவி, துருவக்கரடிப் பாதுகாப்பு எல்லாம் இதில் அடங்கும். ரைபிளை மேகசின் நிரப்பி, சேம்பர் காலியாக வைத்துச் சுமக்கும் உள்ளூர் நடைமுறையைக் கையோடு பழக்குகிறார்கள். குடியிருப்புக்கு வெளியே போகும்போது கரடியை விரட்டத் தகுந்த கருவி உடன் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் இந்தப் பயிற்சியை ஒரு சம்பிரதாயமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வேறு எந்த நிறுவனமும் தன் வளாகத்தில் இதை இதே தரத்தில் நடத்த முடியாது, முயலவும் வேண்டாம்.

காலம் பார்த்து அனுப்புவது முக்கியம். லாங்யியர்பியனில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 20 வாக்கு வரை மறையாது. கடல்பனி, பனிப்போர்வை, பனியாறு சார்ந்த களப்பாடத்துக்கு மார்ச்சும் ஏப்ரலும்தான் சரி: வெளிச்சமும் இருக்கும், ஸ்னோமொபைல் ஓடும் அளவுக்குத் தரையில் பனியும் இருக்கும். நிலவியலுக்கும் படகுவழி வேலைக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. செப்டம்பரில் சேரும் மாணவரை முதல் வசந்தத்திலேயே அனுப்ப வேண்டுமானால், விண்ணப்பக் கெடு சேர்ந்த சில வாரங்களிலேயே வந்துவிடும். சேர்க்கைக் கடிதத்தோடு சேர்த்தே பாட விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுவது நல்லது. இன்னொன்று: ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் அது ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நார்வே வழியாகப் போய்த் திரும்பும் மாணவருக்கு ஷெங்கன் விசா தேவைப்பட்டால், இருமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். ஒருமுறை விசாவோடு போனவர் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வார்.

குறை என்ன? பாடங்கள் துறைவாரியாக நடக்கின்றன. புவி இயற்பியல் பாடத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் புவி இயற்பியலாளர்கள். பல நாட்டு மாணவர்கள் கலந்து பழகுகிறார்கள், பல துறை மாணவர்கள் கலப்பது குறைவு. ஆகவே நம் மாணவர்களைத் தனித்தனியாக, தனித்தனிப் பாடத்துக்கு அனுப்பினால் களத்திறன் கிடைக்கும், பல்துறைப் பயிற்சி கிடைக்காது. ஒரே அணியாக அனுப்பி, பாடம் முடிந்த கையோடு அதே ஊரில் ஒரு வாரம் நாமே நடத்தும் கூட்டுக் களப்பணியைச் சேர்க்க வேண்டும். அந்த வாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் திட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு மீட்டர் கடல்பனி, பல துறை

ஃபியர்டில், அதாவது மலைகளுக்கிடையே உள்ளே நீளும் கடலிடுக்கில், ஒரு மீட்டர் தடிமனுள்ள கடல்பனியை எடுத்துக்கொள்வோம். 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோர் பீப்பாயால் ஒரு ஐஸ் கோரை, அதாவது துளைத்தெடுத்த நீண்ட பனி உருளையை, எடுக்கிறார்கள். இயற்பியல் மாணவருக்கு வேண்டியது வெப்பநிலை. கோரை வெளியே எடுத்த உடனே நிழலில் கிடத்தி, 5 அல்லது 10 சென்டிமீட்டருக்கு ஒரு சிறு துளையை நடுமையம் வரை போட்டு வெப்பமானியைச் செருக வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். காற்று −20 டிகிரியில் இருக்கிறது, கோரின் அடிமுனை கடல்நீரைத் தொட்டுக்கொண்டிருந்ததால் −1.8 டிகிரிக்கு அருகில் இருக்கிறது. வேகமாகக் குளிர்வது அடிமுனைதான். ஆகவே கீழிருந்து தொடங்குவது நல்லது.

உப்புத்தன்மைக்கு இரண்டாவது கோர் தேவை. துளை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் முதல் கோரிலிருந்து செறிந்த உப்புநீர் சொட்டிப் போயிருக்கும். இரண்டாவது கோரை எடுத்ததுமே துண்டு துண்டாக வெட்டி, மூடியுள்ள டப்பாக்களில் போட்டு மூடிவிட வேண்டும். தாமதித்தால் அடிப்பகுதியின் உப்புத்தன்மை உள்ளதைவிடக் குறைவாக வரும். பனியில் ஓடிய நீர்ச்சுவடு அந்த இழப்பைக் கண்ணுக்கே காட்டும்.

உயிரியல் மாணவருக்கு வேண்டியது அடியிலுள்ள சில சென்டிமீட்டர் மட்டும். வசந்தத்தில் பாசி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், பழுப்பு நிறமாகப் பார்த்தாலே தெரியும். அந்தத் துண்டை அப்படியே உருக விட்டால் உருகுநீரின் உப்புத்தன்மை சடாரென்று குறைந்து, செல்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். அதனால் வடிகட்டிய கடல்நீரைச் சேர்த்து, இருட்டில், மெதுவாக உருக்குவார்கள். ஒரு பங்கு பனிக்கு மூன்று பங்கு கடல்நீர் சேர்க்கும் குழுக்களும் உண்டு. வேதியியல் மாணவருக்கோ ஒரு சொட்டுக் கடல்நீர் கூடச் சேரக்கூடாது, ஊட்டச்சத்து அளவு கலங்கிவிடும். கரைந்த வாயுக்களை அளப்பவருக்குக் காற்றே படக்கூடாது. வாயு புகாத பையில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் உருக்க வேண்டும். நுண்ணளவு உலோகம் தேடுபவர் சாதாரண எஃகு வெட்டியையே பக்கத்தில் விடமாட்டார்.

இவர்கள் ஒருவரை ஒருவர் விட்டு வேலை செய்ய முடியாது என்பதை எண்களே சொல்லும். பனிக்குள் இருக்கும் உப்புநீரின் கன அளவுப் பங்கை வெப்பநிலையும் உப்புத்தன்மையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உப்புத்தன்மை 5 (ஆயிரத்தில் 5 பங்கு உப்பு) உள்ள பனியில், −5 டிகிரியில் அது ஏறக்குறைய 5 விழுக்காடு. −10 டிகிரியில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. −2 டிகிரியில் 12 விழுக்காட்டைத் தாண்டும். 5 விழுக்காட்டை ஒட்டித்தான் நெடுக்குவாட்டத்தில் நீர் ஊடுருவத் தொடங்குகிறது என்பது கடல்பனி ஆய்வில் நிலைபெற்ற விதி. பாசிக்குக் கீழிருந்து ஊட்டச்சத்து வருமா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. வேதியியலாளர் உருக்கிய துண்டில் அளந்த செறிவை, பாசி உண்மையில் வாழும் உப்புநீரின் செறிவாக மாற்ற, அதே எண்ணால் வகுக்க வேண்டும். இப்போது வெப்பமானி செருகுவதில் நேர்ந்த தாமதத்தால் அடித்துண்டு −2க்குப் பதில் −3 என்று பதிவானால்? உப்புநீர்ப் பங்கு 12.5இலிருந்து 8.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஒரு டிகிரிப் பிழையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது, அது எல்லோர் ஆய்வேட்டிலும் போய் உட்காருகிறது.

எனவே கூட்டுக் களவாரத்தின் அமைப்பை இப்படிப் பரிந்துரைக்கிறோம். ஐந்து முதல் எட்டு மாணவர்கள், குறைந்தது மூன்று துறை. முதல் நாள் யாரும் பனியில் கால் வைக்கக்கூடாது. எத்தனை கோர், எந்த வரிசையில், எந்த இடைவெளியில், எந்தத் துண்டு யாருக்கு என்று ஒரே தாளில் எழுதி எல்லோரும் ஒப்ப வேண்டும். கோர்த் துளைகள் அரை மீட்டருக்குள் நெருங்கி இருக்கட்டும். மேலே கிடக்கும் பனிப்போர்வையின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும், அது மாறினால் அடியிலுள்ள வெப்பநிலையும் வெளிச்சமும் மாறிவிடும். ஒவ்வொரு துளையிலும் பனிப்போர்வை ஆழம், கடல்பனித் தடிமன், நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் உயரம் மூன்றையும் குறித்தாக வேண்டும். இரண்டாவது நாளில் ஒவ்வொருவரும் வேறு துறைக்காரரின் மாதிரியை எடுக்கட்டும்: பாசி ஆய்வாளர் வெப்பமானியைப் பிடிக்கட்டும், இயற்பியலாளர் இருட்டில் வடிகட்டட்டும். கடைசி நாளில் எல்லோரின் எண்களையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பொருத்தமின்மைகளைத் தேட வேண்டும். பொருந்தாத இடத்தில்தான் உண்மையான பேச்சு தொடங்கும். அந்த அட்டவணையைப் பொதுத்தரவுக் களஞ்சியம் ஒன்றில் எல்லோர் பெயரிலும் பதிப்பது முதல் ஆண்டின் கட்டாயப் பணியாக இருக்கட்டும்.

கோடைப் பள்ளிகள்

வட இத்தாலியின் கார்ட்ஹவுஸ் என்னும் மலைக்கிராமத்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் நடத்திவரும் பனிவிரிப்பு (நிலத்தை மூடிய மாபெரும் பனிப்பரப்பு)–பனியாறு பயிற்சி, பனியின் இயக்கவியலைக் கற்க மிகச் சிறந்த இடம். காலை முழுதும் வகுப்பு, பிற்பகலில் கணினிப் பயிற்சி, கூடவே குழுவாகச் செய்து கடைசியில் வழங்கும் ஒரு சிறு திட்டம். பத்து நாளை ஒட்டிய காலத்தில் இவ்வளவு செறிவு வேறெங்கும் கிடைப்பது அரிது. அலாஸ்காவின் மெக்கார்த்தியில், கென்னிகாட் பனியாற்றுக்குப் பக்கத்தில் அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகம் 2010இலிருந்து நடத்தும் பள்ளியும் இதே வகை. அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பதைச் சேர்க்கைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு முழு அணிக்கே வாய்ப்பு தவறிவிடும். இரண்டிலும் இடம் மிகக் குறைவு, போட்டி கடுமை. "எங்கள் மாணவர் அனைவரும் கார்ட்ஹவுஸ் போவார்கள்" என்று திட்ட வரைவில் எழுதிவிடாதீர்கள், அது நம் கையில் இல்லை. உயிரியல் மாணவரை அனுப்புவதானால், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை இரண்டு மாதம் முன்பே பழக்கி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே பின்தங்கிவிடுவார்.

ஜூனோ பனிப்பரப்பு ஆய்வுத் திட்டம் வேறு ரகம். 1940களில் மேனார்ட் மில்லர் தொடங்கியது. மாணவர்கள் அலாஸ்காவின் ஜூனோவிலிருந்து கனடாவின் அட்லின் வரை பனிப்பரப்பைச் சறுக்குமட்டைகளில் கடக்கிறார்கள், வழியில் முகாம் முகாமாக அளவீடு செய்கிறார்கள். டாகு பனியாற்றின் நிறைச்சமநிலைப் பதிவு (சேரும் பனிக்கும் இழக்கும் பனிக்கும் உள்ள வித்தியாசத்தின் பதிவு) 1946இலிருந்தும், லெமன் கிரீக் பனியாற்றின் பதிவு 1953இலிருந்தும் வருகிறது. அந்த நீண்ட தொடரில் ஒரு புள்ளியைத் தானே குழி தோண்டி, கொள்ளளவு தெரிந்த உருளையால் பனியை அடுக்கடுக்காக எடுத்து நிறுத்துச் சேர்ப்பது எந்த விரிவுரையும் தராத பயிற்சி. ஆனால் பல வாரக் கோடை முழுதையும் இது எடுத்துக்கொள்ளும். இளநிலை மாணவர்களும் நிறைய வருவார்கள். ஆய்வேட்டுக் களம் வேறு இடத்தில் உள்ள முனைவர் மாணவருக்கு முதல் கோடையில் மட்டுமே இதைப் பரிந்துரைப்போம்.

2019இல், ஆர்க்டிக் கடல்பனியோடு ஓராண்டு மிதந்த மோசாயிக் ஆய்வுப் பயணம் தொடங்கியபோது, துணைக்கப்பல் அகாதெமிக் ஃபெடரோவில் 20 இளம் ஆய்வாளர்களை ஏற்றி நடத்திய பள்ளி ஒரு நல்ல முன்மாதிரி. வளிமண்டலம், பனி, கடல், உயிரினம் என எல்லாக் குழுக்களும் ஒரே மிதவைப் பனியைச் சுற்றிக் கருவி நிறுவிய இடத்தில் மாணவர்களும் இருந்தார்கள். பெரிய கப்பல் பயணம் திட்டமிடும் எந்த நிறுவனமும், துணைக்கப்பலில் காலியாகப் போகும் படுக்கைகளை இப்படிப் பயன்படுத்தலாம். அன்றாடச் செலவு எப்படியும் ஆகப்போவதுதான்.

உள்வீட்டு அமைப்பு

வெளியே கிடைக்காததை, நாமே கட்ட வேண்டியதை இனிப் பார்ப்போம். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் உள்ள துருவ ஆய்வு நிறுவனமான ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனம் 2008இலிருந்து நடத்தும் போல்மார் பட்டப்பள்ளி, ஒவ்வொரு மாணவருக்கும் நெறியாளர் தவிர ஓர் ஆலோசனைக் குழுவையும் வைக்கும் மரபைச் சார்ந்தது. இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரு திருத்தத்தோடு: குழுவில் வேறு துறையைச் சேர்ந்தவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது, ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்துக்கு அவரே முதன்மைப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். பெயரளவில் இருக்கும் இணைநெறியாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையாட்டிவிட்டுப் போவார். அத்தியாயம் அவர் பெயரில் இருந்தால் மாணவருக்கு ஆய்வகத்தில் மேசையும் கருவி நேரமும் தானாகக் கிடைக்கும்.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் தேசிய அறிவியல் அறக்கட்டளை பல்துறை முனைவர் பயிற்சிக்குத் தந்த இகெர்ட் நிதியில் நடந்த துருவச் சூழல் மாற்றத் திட்டத்திலிருந்து கற்க நிறைய இருக்கிறது. புவி அறிவியல், சூழலியல், பொறியியல் மாணவர்களை ஒரே அணியாகச் சேர்த்து, கிரீன்லாந்துக்குக் கூட்டிப்போனார்கள். காங்கர்லுசுவாக்கில் சாலைவழியே பனிவிரிப்பின் விளிம்புவரை போய் வேலை செய்யலாம் என்பதால் பயிற்சிக்கு அது அருமையான இடம். தலைநகர் நூக்கில் கிரீன்லாந்து மக்களோடும் கொள்கை வகுப்போரோடும் உட்கார்ந்து பேசினார்கள். அறிவியல் களத்தையும் மக்கள் களத்தையும் ஒரே பயணத்தில் கோத்ததுதான் இதன் சிறப்பு. இகெர்ட் உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்போருக்கும் மட்டும் என்பது அந்த நிதியின் கட்டுப்பாடாக இருந்தது. அணியில் பாதிப்பேர் இப்படிப்பட்ட வரம்புக்கு வெளியே இருந்தால், அவர்களின் பயணச் செலவுக்கு வேறு நிதித்தலைப்பு முதல்நாளே வேண்டும். இது போன்ற ஐந்தாண்டு நிதிகள் முடிந்ததும் அணியும் கலைந்துவிடுவது வழக்கம். ஒருங்கிணைப்பாளர் பதவியை நிறுவனத்தின் சொந்தச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தால் மட்டுமே திட்டம் நிதியைத் தாண்டி நிற்கும்.

மக்கள் வாழும் ஆர்க்டிக்கில் வேலை செய்யும் மாணவருக்கு அனுமதி நடைமுறை பாடத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும். கனடாவின் ஆர்க்டிக் பகுதியான நுனாவுட்டில் ஆய்வு உரிமம் இல்லாமல் ஒரு மாதிரியும் எடுக்க முடியாது. கனடாவின் இனுயிட் மக்களுக்கான தேசிய அமைப்பு இனுயிட் தபிரீத் கனதமி 2018இல் வெளியிட்ட ஆய்வு உத்தி, ஆய்வுக் கேள்வியை வகுக்கும் கட்டத்திலேயே சமூகத்தைச் சேர்க்கச் சொல்கிறது. கேள்வியை முடிவுசெய்துவிட்டுக் கடைசியில் ஒரு கூட்டம் போடுவது அதற்கு ஈடாகாது. ஸ்வால்பார்டில் ஆய்வுத் திட்டத்தைப் பொதுப் பதிவகத்தில் பதிய வேண்டும், பல வேலைகளுக்கு ஆளுநரின் அனுமதியும் தேவை. அண்டார்க்டிகாவில் 1998இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் நெறிமுறையின்படி ஒவ்வொரு வேலைக்கும் முன்மதிப்பீடு வேண்டும். இந்த விண்ணப்பங்களை நெறியாளரின் அலுவலகம் எழுதிக் கொடுத்துவிட்டால் மாணவர் எதையும் கற்கமாட்டார். ஒரு விண்ணப்பத்தையாவது மாணவரே முழுதாக எழுத வேண்டும்.

எங்கே உடைகிறது

பெரும்பாலும் காலண்டரில்தான். அண்டார்க்டிகக் களப்பருவம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. சரக்கு அதற்குப் பல மாதம் முன்பே கப்பலேற வேண்டும். லித்தியம் மின்கலம், எத்தனால், ஃபார்மலின் எல்லாம் அபாயச் சரக்கு, தனிப் படிவம், தனிப் பொதிமுறை. களவசதி ஒதுக்கீடு ஓராண்டுக்கும் மேல் முன்கூட்டியே முடிவாகிவிடும். செப்டம்பரில் சேர்ந்த மாணவர் அதே நவம்பரில் போக வேண்டுமானால், அவர் பெயர் தெரிவதற்கு முன்பே "மாணவர் ஒருவர்" என்று இடம் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் களம் இரண்டாம் ஆண்டில், பகுப்பாய்வு மூன்றாம் ஆண்டில். மூன்றாண்டு உதவித்தொகையில் எழுத நேரமே மிஞ்சாது. நான்காண்டு நிதி இல்லாமல் அண்டார்க்டிகக் களத்தை மையமாக வைத்துத் திட்டம் தொடங்குவதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம். மருத்துவ, பல் பரிசோதனையை மாணவர் சேர்ந்த முதல் மாதமே செய்யட்டும். புறப்படும் நேரத்தில் ஒரு சொத்தைப் பல் ஒரு முழுப் பருவத்தை நிறுத்திவிடும்.

பருவமே ரத்தாகும் ஆண்டுகளும் உண்டு. 2020–21இல் பெருந்தொற்றால் பல நாடுகள் அண்டார்க்டிகப் பயணங்களைச் சுருக்கின. ஆகவே ஒவ்வொரு ஆய்வேட்டிலும் குறைந்தது ஓர் அத்தியாயம் ஏற்கெனவே இருக்கும் தரவில் நிற்கவேண்டும். 2010இலிருந்து கிரையோசாட்–2, 2018இலிருந்து ஐஸ்சாட்–2 ஆகிய செயற்கைக்கோள்களின் அளவீடுகள், பாஞ்சியா தரவுக் களஞ்சியம், அமெரிக்காவின் போல்டரில் உள்ள தேசியப் பனித் தரவு மையம், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் துருவ நிலப்பட மையம் வெளியிடும் உயரப் படங்கள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. களம் கைகொடுத்தாலும் இந்த அத்தியாயம் வீணாகாது.

பழைய தரவை இணைக்கும்போது நடக்கும் பிழைகளை முதல் பருவத்திலேயே ஒரு பயிற்சியாக வையுங்கள். கிரீன்லாந்து ஐஸ் கோர்க் காலவரிசை 2000ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது, கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பு 1950இலிருந்து. ஏரி வண்டலையும் ஐஸ் கோரையும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஐம்பது ஆண்டு நழுவும். ஓர் எரிமலைச் சாம்பல் அடுக்கு இரண்டு வெடிப்பாகத் தெரியும். உயரத் தரவில் ஒன்று புவியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்தும் இன்னொன்று கடல்மட்டத்தை ஒட்டிய புவிவடிவத்திலிருந்தும் அளந்திருந்தால் பல பத்து மீட்டர் வித்தியாசம் வரும், மிதக்கும் பனித்தட்டு தரையில் நிற்பதுபோலக் கணக்கு காட்டும். வடதுருவத்துக்கு 3413, தென்துருவத்துக்கு 3031 என்ற EPSG எண்களை, அதாவது எந்த வரைபட முறையில் ஆயங்கள் தரப்படுகின்றன என்பதைக் குறிக்கும் எண்களை, அணி முழுதும் முதல்நாளே ஒப்புக்கொண்டால் பின்னால் பல வார வேலை மிச்சமாகும்.

கடைசியாக, களத்தில் மாணவரின் பாதுகாப்பு கரடியோடும் பனிப்பிளவோடும் முடிவதில்லை. அண்டார்க்டிகத் தளங்களில் நடக்கும் பாலியல் தொல்லை, வன்முறை பற்றி அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2022இல் வெளியிட்ட அறிக்கையைத் திட்டக் குழுவில் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். முகாமின் ஒரே செயற்கைக்கோள் தொலைபேசி குழுத்தலைவரின் பையில் இருந்தால், அவரைப் பற்றியே புகார் சொல்ல மாணவருக்கு வழி இல்லை. ஒவ்வொரு களக்குழுவிலும் தலைவரின் கையில் இல்லாத இரண்டாவது தொடர்புக் கருவி ஒன்று, குழுவுக்கு வெளியே பொறுப்பாளர் ஒருவர், புகார் வந்தால் மாணவரை வேறு முகாமுக்கு மாற்ற ஒதுக்கிய பணம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று சேர்வதற்கு முன் மாணவர் நேராகக் கேட்கட்டும். பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொள்ளட்டும்.